626117 எதனாலும் வகுபடாது

1.

இந்தக் கதை ஒரு பார்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ராஜபாளையத்துக்கு ஊறுகாய் அனுப்ப அஞ்சலகத்தில் நின்றேன். வரிசை நகரவில்லை. பொழுதுபோகாமல் பெட்டிமேல் எழுதிய பின்கோடை வகுக்கத் தொடங்கினேன். 626117. மூன்றால் போகவில்லை. ஏழால் வகுத்தால் மீதி இரண்டு. [இந்த ‘மீதி இரண்டை’ வைத்து ஒரு காதல் வசனம் எழுதினேன். வெட்கமாக இருந்ததால் அடித்துவிட்டேன்.] வீட்டுக்கு வந்து 787 வரையுள்ள பகா எண்களையெல்லாம் முயன்றேன். எதற்கும் அசையவில்லை. அதுவே ஒரு பகா எண்!

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் 626125 அப்படியில்லை. ஐந்தால் மூன்று முறை வகுபடும்.

இரண்டு ஊர், இரண்டு குணம். உடனே கல்யாணம் பேசத் தோன்றியது.

2.

முனீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். [தலைப்பைப் பார்த்தால் ‘ஒன்றாலும் தன்னாலும் தவிர’ என்று திருத்துவாள்.] அவளுக்கு நிச்சயித்த உக்கிரபாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் டூட்டி பார்க்கும் போலீஸ்காரன். கல்யாணப் புடவை எடுத்துவிட்டு இருவரும் பஸ்ஸில் வருகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை அன்று ஒரு… [மலை வேண்டாம். அவர்கள் பார்க்கவில்லை.]

“எங்க ஊர்லயே வீடு பேசி முடிச்சுட்டேன்,” என்றான் அவன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? தெனமும் காலேஜுக்குப் போறது நான்லா?”

இரண்டு பின்கோடுகளின் குணத்தையும் அவள்தான் முன்பு போனில் அவனுக்குச் சொல்லியிருந்தாள். அதை நினைத்துச் சிரித்தான். “பகா எண் ஊர்க்காரில்ல! நீ யார்கூடயும் ஒட்ட மாட்ட.”

வேடிக்கையாகச் சொன்னதாக அவன் நினைத்தான். அவள் பாதி வழியில், வன்னியம்பட்டியிலேயே இறங்கிவிட்டாள்.

3.

அதன்பின் அவன் அழைத்தால் அவள் போனை எடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வேறு அச்சாகிவிட்டது.

இங்கே உக்கிரபாண்டிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவனை வீம்பாக உட்கார வைத்தேன். கதையும் அவனோடு உட்கார்ந்துகொண்டது. ஆகவே இரண்டாம் பிரதியில், ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் நிற்கிறான்.

“ஒன் ஊரு நம்பரைப் பிரிச்சுட்டேன்.”

“பொய். பிரியாது.”

“வகுத்தாத்தான் பிரியாது. 721-ஐ அதாலயே பெருக்கு. 326-ஐயும் அதாலயே பெருக்கு. பொறவு ரெண்டையும் கூட்டு.”

அவள் வாசலிலேயே நின்று மனதுக்குள் பெருக்கினாள். 519841. 106276. கூட்டினாள். 626117. உதடு லேசாகப் பிரிந்தது.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“கோர்ட்டு கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.”

“வேற ரெண்டு எண் வச்சுச் செய்ய முடியுமாமா?”

“முடியாதாம். இந்த ஒரே ஜோடிதானாம்.”*

மன்னிப்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் அவன் வாயில் நிற்கவில்லை. அவனாகச் சொன்னது இதுதான்: “அன்னைக்கு நான் பேசுனது தப்பு. வீடு வேண்டாம்னுட்டேன். நீயும் வா, வேற பாப்போம்.”

“செத்த இருங்க, வாரேன்,” என்று அவள் உள்ளே போனாள்.

[*நான்கால் வகுத்து மீதி ஒன்று வரும் பகா எண்ணுக்கெல்லாம் இந்தக் குணம் உண்டு. நம்பாதவர்கள் 13-இல் தொடங்கலாம்.]

4.

முடிவு ஒன்று: ராஜபாளையத்தில் வீடு. அவன் வீட்டார் முறைக்கிறார்கள்.

முடிவு இரண்டு: ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. அவள் காலை பஸ்ஸுக்கு ஓடுகிறாள், அவன் சமையல்…

இரண்டையும் நிறுத்திவிட்டேன். வீட்டைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை என்பதுதானே சண்டை? நானும் கேட்காமல் எழுதினால் எப்படி?

இப்போது ஒரு ‘டூலெட்’ போர்டுக்குக் கீழே உக்கிரபாண்டி காத்திருக்கிறான். முனீஸ்வரி உள்ளே சமையலறைக் குழாயைத் திறக்கிறாள்.

“தண்ணி நல்லா வருது,” என்று குரல் கேட்கிறது.

எந்த ஊர்க் குழாய் என்று எனக்குத் தெரியாது. போய் அவளிடமே கேளுங்கள்.