வட்டம் சாப்பிட்டான்

தெருவில் அவனைக் கண்ணாடிக்காரன் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவன் வேலை. அவன் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள், அவள் பஸ்காரி. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஐந்து வயது மகளுக்கு வாலு என்று பட்டப்பெயர் வைத்தது பஸ்காரி. ஒன்றரை வயது மகனுக்கு உருண்டை என்று வைத்தது வாலு.

அந்த வீட்டுச் சண்டை ஒரு வீடியோ காலில் ஆரம்பித்தது. வேறு நாட்டில் இருக்கும் கண்ணாடிக்காரனின் அக்கா வாலுவைப் பார்த்து, "அத்தைகிட்ட சொல்லு, இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினே?" என்று கேட்டாள். வாலு கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பதில் சொன்னாள். எல்லாம் தெருவிலும் பள்ளியிலும் பேசுகிற மொழியில். தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது. அத்தைக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவள் தம்பியைப் பார்த்து, "ஏன்டா, என் மருமகளோட பேச நான் கூலிக்கு ஆள் பிடிக்கணுமா? நல்லா வளர்க்கிறீங்க ரெண்டு பேரும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனைச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை, பால் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளிடம் சொன்னான்: "இன்னையிலிருந்து வீட்டுக்குள்ள தமிழ் மட்டும்தான். வேற மொழியில பேசினா அப்பாவுக்குக் காது கேட்காது."

பஸ்காரி யூனிஃபார்ம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டாள். "உங்க அக்கா சிரிச்சதுக்கு இவ வாயைக் கட்டணுமா?"

"கட்டலை. திறக்கச் சொல்றேன்."

"நீங்க தமிழ்ல பேசுங்க. கதை சொல்லுங்க. அவ எதுல பதில் சொன்னாலும் வாங்கிக்கங்க. தானா வரும்."

"அஞ்சு வருஷமா வரலையே."

"அஞ்சு வருஷத்துல எத்தனை கதை சொன்னீங்க?"

அவனுக்குக் கோபம்தான் வந்தது. அன்று அவள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமலே வேலைக்குப் போனாள்.

முதல் இரண்டு வாரம் வாலுவுக்கு அது விளையாட்டாக இருந்தது. அப்பாவின் காதைப் பிடித்து இழுத்து, "தண்ணி குடு", "கதவு திற" என்று கத்துவாள். அவன் உடனே ஓடிப்போய்ச் செய்வான். மூன்றாவது வாரம் பள்ளியில் யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள். முழங்கால் சிராய்ப்போடு வந்து மூச்சு விடாமல் அழுதுகொண்டே சொன்னாள், தெரு மொழியில். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன் தலையை நிமிர்த்தவில்லை.

"காது கேட்கல."

அவள் உள்ளே போய், தொட்டிலில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் மீதியைச் சொன்னாள். அதற்குப் பிறகு எதுவாக இருந்தாலும் தம்பியிடம்தான். வீடு அமைதியானதைப் பார்த்து, திட்டம் பலிக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பஸ்காரி அந்த விதிக்கு ஒருநாளும் கட்டுப்படவில்லை. மகள் எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொன்னாள். "நான் ஒரு பக்கம் கட்டறேன், நீ ஒரு பக்கம் இடிக்கிற" என்று அவன் கத்தினான். "நீங்க கட்டறது வீடு இல்லங்க, ஜெயில்" என்றாள் அவள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். நான்கு மாதத்தில் வாலுவின் வாயில் நூறு தமிழ் வார்த்தை சேர்ந்திருந்தது. பழங்கள், நிறங்கள், வட்டம், சதுரம், முக்கோணம். ஒவ்வொன்றையும் அவன் கைபேசியில் படம் பிடித்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான். அக்கா கைதட்டும் படங்களைத் திருப்பி அனுப்பினாள்.

அன்று சனிக்கிழமை. பஸ்காரிக்கு மாலை வேலை. கண்ணாடிக்காரன் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். வாலு கையில் மின்விசிறியின் சின்ன ரிமோட்டோடு ஓடி வந்து என்னவோ சொன்னாள்.

"காது கேட்கல."

மறுபடி சொன்னாள். அவன் குழாயை மூடி, கையைத் துடைத்து, கைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். மூன்றாம் தடவையும் அதே மொழியில் சொன்னாள்.

"தமிழ்ல சொல்லு, பார்க்கலாம்."

வாலு வாயைத் திறந்து மூடினாள். அவளுக்குத் தெரிந்த நூறு வார்த்தையில் அது இல்லை. இருந்ததை வைத்துச் சேர்த்தாள். "தம்பி... வட்டம்... தம்பி வட்டம் சாப்பிட்டான்."

"சபாஷ்! பிஸ்கட்டா? தம்பி வட்டம் சாப்பிட்டானா?" அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் சொன்னது அதுதான் முதல் தடவை. குழுவுக்கு அனுப்பிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தான்.

கடைசி நிறுத்தத்தில் பஸ்காரிக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஓய்வு. ஐந்தரைக்கு அந்த வீடியோவைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அது விளையாட்டு முகம் இல்லை என்று தெரிந்தது. கையில் இருந்த ரிமோட்டின் பின்மூடி திறந்து கிடந்தது. வீடியோவின் முதல் நொடியில், அவன் தமிழ்ல சொல்லு என்பதற்கு முன்னால், மகள் தெரு மொழியில் சொன்னது தெளிவாகவே பதிவாகியிருந்தது. தம்பி பேட்டரியை விழுங்கிட்டான்.

உடனே போன் போட்டாள். "உருண்டை எங்கே?"

"இங்கதான், தரையில உட்கார்ந்திருக்கான். வீடியோ பார்த்தியா? முழு வாக்கியம்..."

"ரிமோட்ல பேட்டரி இருக்கான்னு பாருங்க."

அவன் நடந்து போகும் சத்தம் கேட்டது.

"இருக்கா?"

"இல்ல. வட்டமா ஒண்ணு இருக்குமே, அது இல்ல. இவனுக்கு எச்சில் ஒழுகிட்டே இருக்கு. பல்லு முளைக்குதுன்னு நினைச்சேன்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

பஸ்ஸில் ஏற்கனவே முப்பது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மாற்று டிரைவர் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார் நேரக் கண்காணிப்பாளர். பஸ்காரி சாவியை அவர் மேஜையில் வைத்தாள். "என் பேர்ல என்ன ரிப்போர்ட் வேணா எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தில், குழந்தையின் கழுத்துக்குக் கீழே, வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. மயக்க மருந்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது டாக்டரம்மா, "எத்தனை மணிக்கு விழுங்கினான்?" என்று தெரு மொழியில் கேட்டார்.

"சரியாத் தெரியல. கொஞ்ச நேரம் முன்னாடிதான்" என்றான் கண்ணாடிக்காரன்.

பஸ்காரி கைபேசியை டாக்டரிடம் நீட்டினாள். "அஞ்சு பன்னிரண்டுக்கு இவ அப்பாகிட்ட சொல்லியிருக்கா. அதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடின்னு இவளுக்குத்தான் தெரியும்."

டாக்டர் குனிந்து வாலுவிடம், வாலுவின் பள்ளி மொழியிலேயே கேட்டார். வாலு அப்பாவைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த டாக்டரிடம், திக்கித் திக்கி, "தம்பி... வட்டம்..." என்றாள்.

"எதுல வேணா சொல்லும்மா" என்று கண்ணாடிக்காரன் தெரு மொழியில் கெஞ்சினான். அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பஸ்காரி அங்கேயே தரையில் உட்கார்ந்து, மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, அந்த மொழியில் மெதுவாகக் கேட்டாள். வாலு கொட்டித் தீர்த்துவிட்டாள். கார்ட்டூன் முடிந்ததும் தம்பி ரிமோட்டைக் கீழே போட்டான். மூடி திறந்துகொண்டது. அவன் பேட்டரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். உடனே ஓடினேன். அப்பாகிட்ட மூணு தடவை சொன்னேன். இதெல்லாம் டாக்டருக்கும் புரிகிற மொழி. அவர் கண்ணாடிக்காரனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பேட்டரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் பேட்டரி பட்ட இடத்தில் உணவுக்குழாய் உள்ளே வெந்திருந்தது. ஒன்பது நாள் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால் கொடுத்தார்கள். இன்னும் முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் காயம் இவ்வளவு ஆழமாக இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

நான்காம் நாள் அக்கா பேசினாள். பஸ்காரிதான் எடுத்தாள்.

"பிள்ளை பிழைச்சுட்டானே, அது போதும். இதை வச்சுத் தமிழைக் குத்தம் சொல்லாதே" என்றாள் அக்கா.

"தமிழ் என்ன செஞ்சது, அண்ணி? நான் உங்க தம்பியைச் சொல்றேன். அந்த வீடியோவுக்குக் கைதட்டி அனுப்பினீங்களே, உங்களையும் சொல்றேன்."

"பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?"

"பெரியவங்க செய்யற வேலையா அது?" அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று கண்ணாடிக்காரன் வாசலிலேயே சொன்னான். "நான் வேணும்னா செஞ்சேன்? எனக்கு நிஜமாவே கேட்கலைடி."

"நாலு மாசமா வேணும்னுதான் செஞ்சே. அன்னைக்கு மட்டும்தான் வேணும்னு செய்யல."

மறுநாள் கடைப் பின்னறையில் அவன் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். மகளின் குரல் சுத்தமாக இருந்தது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த மொழி. தினமும் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற மொழி. கேட்காத மாதிரி நடித்து நடித்து, அந்த மொழியில் மகள் பேசினாலே காது தானாக மூடிக்கொண்டுவிட்டது. அன்று இரண்டு லென்ஸ்களைத் தப்பாகத் தேய்த்து வீணாக்கினான். முதலாளி திட்டியதை நின்று கேட்டுக்கொண்டான்.

பஸ்காரி வீட்டில் தமிழை நிறுத்திவிடுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் நிறுத்தவில்லை, அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பள்ளி விடுமுறை நாட்களில் வாலுவை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினாள். இது திருப்பம், இது பள்ளம், இந்த ஆள் தினமும் ஓடி வந்துதான் ஏறுவான், பாரு பாரு ஓடி வரான் என்று தமிழில் பேசிக்கொண்டே போவாள். வாலு எதில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். முதலில் தெரு மொழியில் சிரித்தாள், பிறகு இரண்டையும் கலந்தாள், பிறகு ஒருநாள் சிக்னலில், "அம்மா, பச்சை வந்தாச்சு, தூங்காத" என்றாள். பின் சீட்டில் இருந்தவர்களுக்கு அம்மாவும் மகளும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

அப்பாவிடம் மட்டும் அவள் ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. அவன் தமிழில் கேட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். தெரு மொழியில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும்.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று அவன் மனைவியிடம் கேட்டான்.

"அவளைக் கேளு."

"நீ சொன்னா கேட்பா."

"நான் சொல்ல மாட்டேன்." உருண்டைக்குச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கெட்டியாக எதுவும் அவனுக்கு இன்னும் இறங்கவில்லை.

அதன் பிறகு கண்ணாடிக்காரன் தினமும் மாலை மகள் படம் வரைகிற மேஜையில் போய் உட்கார்ந்து, கடையில் நடந்ததைத் தெரு மொழியில் சொல்ல ஆரம்பித்தான். வாலு கேட்கிற மாதிரித் தெரியவில்லை. ஒரு கிழவர் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கடை முழுக்கத் தேடியதை ஒருநாள் சொன்னான். வியாபாரம் பேசிப் பழகிய மொழி. கதை சொல்ல வரவில்லை. நேற்று நடந்ததை நாளை நடக்கப்போவது போலச் சொல்லிவிட்டான்.

வாலு தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்திச் சொன்னாள், எரிச்சலோடு.

அவன் அதை அவள் சொன்னபடியே திரும்பச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மேலே சொன்னான். அவள் பச்சைப் பென்சிலை எடுத்து வரைந்துகொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை.