நிற்காமல் ஓட்டுகிறவர்

அந்தக் குடும்பத்தின் மூத்த மகனை ஆபீசில் ‘நான்ஸ்டாப்’ என்று கூப்பிட்டார்கள். எங்கே கிளம்பினாலும் வழியில் வண்டியை நிறுத்தாமல் போய்ச் சேருவதுதான் அவர் வாழ்க்கையில் சாதித்த ஒரே காரியம். பெயரில் இருந்த கேலி புரியாமல் அதைத் தானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலை இன்சூரன்ஸ் கம்பெனியில். மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தும் மண்டையில் எதுவும் ஏறவில்லை.

சின்ன மருமகளுக்கு அப்போது ஆறாம் மாதம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். நாத்தனாரின் புது வீட்டைப் பார்க்க இரண்டு ஜோடியும் போகலாம் என்று பேச்சு வந்ததும் டாக்டரிடம் கேட்டாள்.

“தாராளமா போயிட்டு வாங்க. தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க, அப்பப்ப இறங்கி நடங்க, பெல்ட் போடாம உக்காராதீங்க,” என்றார் டாக்டர்.

இதை வீட்டில் சொன்னபோது நான்ஸ்டாப் சிரித்தார். டாக்டர்களுக்கு ரோடு தெரியாதாம்.

முன் சீட்டில் அண்ணனும் தம்பியும், பின்னால் இரண்டு மருமகள்களும். சின்னவள் பெல்ட்டின் கீழ்ப்பட்டியை வயிற்றுக்கு அடியில், தொடையை ஒட்டி இறக்கி, மேல்பட்டியை மார்புக்கு நடுவே விட்டு மாட்டினாள். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

“அதைக் கழட்டும்மா. குழந்தையை நசுக்கும்,” என்றார் நான்ஸ்டாப்.

“வயித்து மேல இல்ல மாமா. கீழதான் இருக்கு.”

“எத்தனை ஆக்சிடென்ட் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

பார்த்தவர்தான். ஆட்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போன பிறகு, தகரத்தை மட்டும். சின்னவள் கழற்றவில்லை. அவள் கணவன் திரும்பி, “அண்ணன் சொல்றாருல்ல,” என்றான். அவன் பேச்சில் பாதி இப்படித்தான் தொடங்கும். மீதிப் பாதியில் அண்ணன் நடுவில் வருவார்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

“இப்பவே குடிச்சா அப்புறம் நிறுத்தச் சொல்லுவ,” என்றார்.

குடித்தாள். அப்புறம் நிறுத்தவும் சொன்னாள். “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்றார். அந்தக் கொஞ்ச தூரம் தீரவேயில்லை. ஓர் ஓட்டல் போனது, கழிப்பறை என்று ஆளுயரத்துக்கு எழுதிய கட்டடம் ஒன்றும் போனது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்தது.

“ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க.”

கணவன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். அங்கே அனுமதி கிடைக்காததால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

பெரிய மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மூன்று பெற்றவள். மூன்றையும் சுமந்தபடி இந்த மனிதரின் வண்டியில் இப்படியே வாய் திறக்காமல் வந்தவள். சின்னவளுக்கு அவள்மேலும் இளக்காரம்தான்.

பிறகு வண்டி நின்றது. வளைவில் கீழே ஒரு ஏரி தெரிந்தது. புது வண்டியை ஏரியோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டுமாம். நான்ஸ்டாப் இறங்கி, கைக்குட்டையால் பானட்டைத் துடைத்து, தம்பியிடம் போனைக் கொடுத்து, கதவில் சாய்ந்து நின்றார். கூலிங்கிளாஸ் போட்டு ஒன்று. கழற்றி ஒன்று. வயிறு தெரிகிறது என்று இன்னொன்று.

சின்னவள் இறங்கினாள். வளைவைத் தாண்டியதும் பெட்ரோல் பங்க் இருந்தது. ஓரமாகவே நடந்து கழிப்பறையைத் தேடிப் போனாள். வெளியே வந்து பெஞ்சில் காலை நீட்டிக் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். ஹாரன் கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு கணவன் வந்தான்.

“அண்ணன் கூப்பிடுறாரு. லேட் ஆகுதாம்.”

“போட்டோ எடுத்து முடிச்சாச்சா?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப. வா.”

“நான் வரல. இங்கேயே பஸ் நிக்குமாம். அதுல வரேன்.”

“பஸ்லயா? அண்ணன் என்ன நினைப்பாரு?”

“எனக்கு அடக்க முடியாம வந்தப்போ நீங்க என்ன நினைச்சீங்க?”

கேட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனான். பிள்ளைத்தாச்சி மனைவியோடு பஸ்ஸில் ஏறலாமா என்று அண்ணனைக் கேட்பதற்கு.

அவன் வரவில்லை. இரண்டு தோளிலும் பைகளோடு பெரிய மருமகள் வந்தாள்.

“அக்கா, நீங்க எதுக்கு?”

“நானும் பாத்ரூம் போகணும். மூத்தவன் வயித்துல இருந்தப்பலேருந்து.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே வெட்கமும் வந்தது. நகர்ந்து அக்காவின் பைகளுக்கு இடம் கொடுத்தாள். வளைவில் அண்ணனும் தம்பியுமாக வண்டி கிளம்பிப் போனது.

பஸ்ஸில் கண்டக்டர், பின்பக்கம் தூக்கிப் போடும் என்று முன் வரிசையில் உட்கார வைத்தார். பஸ் ஊர் ஊராக நின்றது. நின்ற இடத்தில் இறங்கிக் காலாற நடந்தார்கள், வாழைப்பழம் வாங்கித் தின்றார்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். தன் வேகத்தை அவர்களால் தாங்க முடியவில்லை என்று நான்ஸ்டாப் அதற்குள் அங்கே கதை சொல்லி முடித்திருந்தார்.

கணவன் வாசலுக்கு வந்தான். “பத்திரமா வந்தியா?”

“உங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”

ஊருக்குத் திரும்பப் பெரிய மருமகள் ரயிலில் இரண்டே டிக்கெட் போட்டாள். எனக்கு, என்று கேட்டான் கணவன்.

“வண்டியில இடம் இருக்கே தம்பி,” என்றாள் அண்ணி.

முதல் முறையாக யாரையும் கேட்காமல் போய் ஒரு டிக்கெட் வாங்கினான். அதுவும் உட்கார இடமில்லாத டிக்கெட். வழியில் ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டிலோடு அவர்கள் பெட்டிக்கு வந்து, சீட்டுக்குப் பக்கத்தில் நின்றான். சின்னவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.