ஓசூர் போய் வந்த வெயில்

எங்கள் குடியிருப்பில் நீர்க்கசிவுக் கருவிகளுக்கு வெயிலைத் தட்டில் வாங்கித்தான் கொடுக்கிறோம். கருவி இருப்பது சமையலறைத் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்கும் பின்னால், குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில். பேட்டரி போடலாமே என்று விருந்தாளிகள் கேட்பார்கள். பேட்டரி மாற்றக் கை போக வேண்டும். கை போகாத இடம் என்பதால்தானே அங்கே கருவி. வெயில் போகும். திருப்பிவிட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் மூன்று திருப்பங்கள். காலையில் நான் பால்கனியில் என் எவர்சில்வர் தட்டைப் பிடிப்பேன். வெயில் ஹாலைக் கடந்து நடைக்குப் போகும். அங்கே என் மகள் யாழினி பல் துலக்கியபடியே அதைத் தன் தட்டில் வாங்கிச் சமையலறைக்குத் திருப்புவாள். என் மனைவி வசுமதி சமையலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, தன் தட்டால் அதை அலமாரிக்குப் பின்னால் விடுவாள். கருவி ஒருமுறை கிணுங்கும். "சாப்பிட்டாச்சு" என்பாள். பிறகுதான் எங்களுக்குக் காபி.

தட்டுகளில் எங்கள் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். வெயிலோடு பெயரும் போகும். என் பெயர் மகளின் தோளில் விழும். எங்கள் இருவர் பெயரும் வசுமதியின் கழுத்தருகே விழும். பிறகு மூன்றும் சேர்ந்து இருட்டுக்குள் போகும். அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் கருவி, தான் எந்த வீட்டைக் காக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது.

யாழினி கல்யாணமாகி ஓசூர் போனபோது அவள் தட்டும் சீரோடு போனது. அதன்பின் வசுமதியே நடையில் வெயிலை வாங்கித் திருப்பிவிட்டு, அது போய்ச் சேருவதற்குள் சமையலறைக்கு ஓடிப் படுத்து மறுபடி வாங்கினாள். அந்த ஓட்டம் அழகாக இருந்தது. சொல்லியிருக்கலாம்.

பேரன் பிறந்ததும், ஒரு மாதம் என்று சொல்லிவிட்டு வசுமதியும் ஓசூர் போனாள். ஆட்டோவில் ஏறும்போது பையின் ஓரத்தில் தட்டு தெரிந்தது. ஒரு மாதத்துக்குப் போகிறவர்கள் தட்டை எடுத்துப் போவதில்லை. பேரன் இப்போது நடக்கிறான்.

நான் அனுப்பும் வெயில் நடைவரை போய் அங்கேயே நிற்கிறது. சாயங்காலம்வரை நிற்கிறது. அதைச் சுற்றித்தான் பெருக்குகிறேன்.

கீழ்வீட்டுத் தைரியநாதனுக்குக் கவலை. எங்கள் குழாய் கசிந்தால் அவருடைய சுவர்தான் முதலில் ஊறும். அவரும் அவர் மனைவியும் தங்கள் தட்டுகளோடு வந்து திருப்பங்களில் நின்று பார்த்தார்கள். கருவி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் முதல் கீழே அவர்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டும்போதெல்லாம் அலறியது. அவர்கள் கொடுத்தது தீரும்வரை அப்படியே இருந்தது.

"இது சரிப்படாது, சார். அம்மாவ வரச் சொல்லுங்க" என்றார் தைரியநாதன்.

"சொல்லணும்."

"தீபாவளிக்கும் இதையேதான் சொன்னீங்க. 'வா'ன்னு ஒரு எழுத்து சார். அதுக்கு மூச்சுகூட அதிகம் வேணாம்."

அன்று வசுமதிக்குப் போன் செய்தேன். "கருவி சத்தமே கம்மியா வருது" என்றேன்.

"அப்படியா? வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல."

"சரி, குக்கர் கூப்பிடுது."

வைத்தபிறகு யோசித்தேன். கருவி அணைந்துவிடும் என்று பயப்படுகிறேனா, அணைந்துவிட்டால் அவளைக் கூப்பிட்டுப் பேச என்னிடம் வேறு எதுவும் இருக்காது என்று பயப்படுகிறேனா? இரண்டும் வேறு வேறா என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை தட்டை வீட்டுக்குள் திருப்பவில்லை. வெளியே, ஓசூர் பஸ்கள் போகும் சாலைப் பக்கம் திருப்பினேன். என் பெயர் எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒருமுறை பட்டுவிட்டுப் போய்விட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் திரும்பி வந்தது. சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்து, யார் திருப்பவும் காத்திராமல் நேராக அலமாரிக்குப் பின்னால் போனது. அதில் மூன்று பெயர்களும் இருந்தன. ஓரத்தில் ஒரு சின்னக் கையின் அச்சும் இருந்தது. கருவி கிணுங்கியது. "சாப்பிட்டாச்சு" என்றேன்.

உடனே அது கசிவு, கசிவு என்று அலற ஆரம்பித்தது. சமையலறைத் தொட்டியைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சுவரும் காய்ந்திருந்தது. வெயிலுக்குள் கையை விட்டேன். கை நனைந்தது.

வசுமதியைக் கூப்பிட்டேன். "அங்க மழையா?"

"இல்லையே. நல்ல வெயில். ஏன்?"

"நனைஞ்சு வந்திருக்கு."

அவள் போனை வைக்கவில்லை. குக்கரும் கூப்பிடவில்லை.

தைரியநாதன் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். "எங்க சார் கசியுது?"

"ஓசூர்ல."

அவர் தலையாட்டிவிட்டுக் கீழே போய், தன் வீட்டு வாளியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க வீட்டுலயே பெரிசு இதுதான்" என்றார்.

வாளிக்குள் என் தட்டை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "கசிவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பின்னாடி போங்க சார், கொஞ்சம் நெருக்கி உக்காரச் சொல்லுங்க" என்றார். பின்சீட்டில் என் வயதுக்காரர்கள் மடியில் வாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.