இரண்டு சிவப்பு சேர்ந்த மாதம்

காலண்டர் அச்சகத்தில் தாள்களைச் சேர்த்துப் பட்டி அடிப்பது அவள் வேலை. பன்னிரண்டு தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, மேலே தகரப் பட்டியை வைத்து, காலால் ஓர் அழுத்து. ஒரு வருடம் முடிந்தது. ஒரு நாளைக்கு எண்ணூறு வருடம் என்று கிண்டலாகச் சொல்வார்கள்.

ஏழெட்டு நாடுகளுக்கு அங்கே காலண்டர் போகிறது. முதலில் தேதிகள் கறுப்பு மசியில் ஓடும். பிறகு அந்தந்த நாட்டின் விடுமுறைகள் மட்டும் சிவப்பில் ஓடும். ஒருவனுக்குச் சுதந்திர நாள், ஒருவனுக்கு நோன்பு முடியும் நாள், ஒருவனுக்கு அறுப்பு முடிந்த நாள். சிவப்பு மசி ஓட்டுகிறவரைச் சிவப்பண்ணன் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் லீவு அடித்துக் கொடுத்த அச்சகத்தில் சீசன் நான்கு மாதமும் லீவு கிடையாது. சீசன் முடிந்தால்தான் சிவப்பு நாளில் கதவை மூடுவார்கள்.

அவள் புருஷன் வெளிநாட்டில் வேலை செய்வதாக அச்சகத்தில் நம்பினார்கள். அவன் இருந்தது ஜெயிலில். மூட்டை இறக்கும் இடத்தில் கங்காணியின் மண்டையை உடைத்துவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அரசு விடுமுறையில் மட்டும்தான் ஆளைப் பார்க்க விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடக் கிடையாது.

போன வாரம் கடிதம் வந்தது. ‘பதினஞ்சாம் தேதிக்குள்ள என்னை வேற ஜெயிலுக்கு மாத்துறாங்க. ரயில்ல ஒரு நாள் தூரமாம். அதுக்கு முன்னாடி ஒரு லீவு வருது, வந்துடு. காலண்டர் அடிக்கிறவளுக்கு நான் தேதி சொல்லணுமா?’

அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். பதினாலு சிவப்பாக இருந்தது. அதன் கீழே என்ன லீவு என்று போட்டிருந்த பொடி எழுத்து, படிக்க முடியாமல் மசி அப்பிக் கிடந்தது. போன சீசனில் சிவப்பண்ணன் கழித்துப் போட்ட காலண்டர் அது. “கெட்டுப்போனதும்மா, சுவத்துல ஓட்டையை மறைக்க ஆகும், எடுத்துட்டுப் போ” என்று அவர்தான் கொடுத்தார்.

மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

“பதினாலு ஒரு நாள் லீவு வேணும். சொந்தத்துல கல்யாணம்.”

“சீசன்ல கல்யாணம் வைக்கிற சொந்தத்தை எல்லாம் முதல்ல அறுத்து விடு” என்றார் மேஸ்திரி. கொஞ்சம் முறைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பதிமூன்றாம் தேதி வழக்கம்போல இருட்டோடு அச்சகத்து வண்டியில் ஏறி, இருட்டிய பிறகு இறங்கினாள். தெருவில் கடைகள் சாத்திக் கிடந்தன. நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் துவைத்த சேலையும் கையில் ஒரு பொட்டலமுமாக ஜெயில் வாசலில் நின்றாள். வேறு யாருமே இல்லை. நாம்தான் முதல் ஆள் என்று கொஞ்சம் சந்தோஷம் கூட வந்தது.

காவலர் சின்னக் கதவைத் திறந்தார். “என்னம்மா?”

“ஆளைப் பாக்கணும் சார். இன்னிக்கு லீவு இல்ல?”

“யாரு விட்டா? லீவு நேத்து. இங்க நிக்க இடமில்லாம கூட்டம்.”

“காலண்டர்ல சிவப்பு போட்டிருக்கே சார்.”

“எந்தக் கடையில வாங்குனியோ, அவன்கிட்டப் போய்க் கேளு.”

அவள் புருஷனின் நம்பரைச் சொன்னாள். காவலர் நோட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“அவனா? நேத்து சவரம் பண்ணி, சட்டை மாத்திட்டு நாள் பூரா உக்காந்திருந்தான். மணி அடிச்சு கதவைச் சாத்துனப்புறமும் எந்திரிக்கல. இன்னிக்குக் காலையில வண்டி ஏத்திட்டாங்கம்மா.”

“எதாவது சொன்னாரா சார்?”

“ஒண்ணும் சொல்லல. போற வழியப் பாத்துப் போம்மா, வெயில் ஏறுது.”

பொட்டலத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் அவள் சுவரிலிருந்த காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

“கல்யாணம் எப்படிம்மா? சாப்பாடு பலமா?” என்றார் சிவப்பண்ணன்.

“இருந்துச்சுண்ணே. இதுல பதினாலு எதுக்கு சிவப்பு?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை வெளிச்சத்தில் பிடித்தார். “அட, கறுப்பு நம்மளுது, சிவப்பு ஏதோ ஒரு தீவு நாட்டுக்காரனுது. பிளேட்டு மாறி ஓடுன கட்டு. அவங்க ராஜா பொறந்த நாள். ராஜா செத்து முப்பது வருசம் ஆச்சு, பொறந்த நாள் மட்டும் இன்னும் சாகல.” சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “ஏம்மா, எதுவும் தப்பாயிடுச்சா?”

“இல்லண்ணே. அடுத்த வருசத்துது ஒண்ணு குடுங்க. நம்மளுதுதானான்னு பாத்துக் குடுங்க.”

ஈரம் காயாத தாள்களை அவர் அடுக்கிக் கொடுத்தார்.

“சீசன் முடிஞ்சப்புறம், ரெண்டு சிவப்பு சேந்து வர்ற மாசம் இருக்காண்ணே? போக ஒரு நாள், அங்க இருக்க ஒரு நாள்.”

எங்கே போக என்று அவர் கேட்கவில்லை. மசி படிந்த விரலால் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். கடைசித் தாளுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“இல்லயேம்மா. எல்லாம் ஒத்த ஒத்தயாத்தான் விழுந்திருக்கு.”

“சரிண்ணே.”

தாள்களை வாங்கித் தட்டி ஒழுங்குபடுத்தினாள். தகரப் பட்டியை வைத்துக் காலால் அழுத்தினாள். மேஸ்திரி பார்ப்பதற்குள் அதை மற்ற வருடங்களின் கட்டோடு சேர்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.