மூச்சைப் பிடிக்கச் சொன்னவள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் பதினாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். மிஷின் அவளைவிட சீனியர். புதிதாக வரும் டாக்டர் யாராவது மிஷினைக் குறை சொன்னால், "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். சொல்ல அவளுக்குத் தகுதி இருந்தது. அவள் எடுத்த படம் எதுவும் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

வீட்டில் கேமராவைத் தூக்கினால் மட்டும் அந்தக் கைராசி எங்கே போய்த் தொலையுமோ தெரியாது.

கேமரா ஆசை வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் கேமரா ஒருமுறை மாறிவிட்டது. லென்ஸ் மூன்றாகிவிட்டது. முக்காலி இரண்டு, முதலாவது ரொம்ப கனம் என்று வாங்கியது இரண்டாவது. அலமாரி முழுக்க கேமரா சாமான் ஏறிக்கொள்ள, அவளும் வீட்டுக்காரரும் உடுத்துகிற துணி கட்டிலுக்கடியில் பெட்டிக்குப் போய்விட்டது.

அவளுடைய அண்ணன் பிளம்பர். இருபது வருஷம் ஒரு கம்பெனிக்கு உழைத்துவிட்டு, சொந்தமாகக் கடை போட முடிவு செய்தார்.

"போர்டுல என் படம் பெருசா வரணும். நீதான் எடுக்கணும்" என்றார். "வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு வெளிய போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து நூற்று நாற்பது படம் எடுத்தாள். அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தெளிவாத்தான் இருக்கு. மீசையில எத்தன முடி நரைச்சிருக்குன்னு எண்ணிடலாம். ஆனா என்னமோ, ரிசல்ட் என்ன வருமோன்னு பயந்து உக்காந்திருக்கிறவன் மாதிரி இருக்கேனே."

"லென்ஸ் அப்படி. மூஞ்சி எடுக்கறதுக்குன்னே ஒண்ணு இருக்கு" என்றாள்.

அதையும் வாங்கினாள். பின்னணி வெண்ணெயாய்க் கரைந்தது. அண்ணன் முகம் அப்படியேதான் இருந்தது. பிறகு வெளிச்சம் போதவில்லை என்று குடை வைத்த விளக்கு ஒன்று வந்தது. மூன்றாவது ஞாயிறு அந்தக் குடை சரிந்து அண்ணன் தலையில் கவிழ்ந்தது. அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளோ இரண்டு கையாலும் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்த்திவிட்டு ஓடி வந்து, "அதே மாதிரி சிரிங்க, அசையாதீங்க" என்றாள். அண்ணன் பிடித்து வைத்த பிள்ளையாராகிவிட்டார்.

இதையெல்லாம் துணி மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த அண்ணி வாயைத் திறந்தாள்.

"உங்க அண்ணன நீ என்னைக்காவது 'நீங்க'ன்னு கூப்பிட்டிருக்கியா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"கேமரா பின்னாடி போனதும் கூப்பிடுற. தாடைய தூக்குங்க, மூச்ச இழுங்க, புடிங்க, அசையாதீங்க. மனுஷன் என்னதான் பண்ணுவாரு? பாவம், மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு வெளிச்சத்தப் பத்தி என்ன தெரியும் அண்ணி?" என்று சொல்லிவிட்டு, காபியைக்கூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதல் ஆள் இருமலோடு வந்த ஒரு பஸ் டிரைவர். அறைக்குள் நுழையும்போது யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார். முகம் அவ்வளவு உயிரோடு இருந்தது. "மூச்ச இழுங்க, புடிங்க" என்றாள். அந்த முகத்திலிருந்து எல்லாம் வடிந்து போனது. அப்படியே அண்ணன் முகம். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அண்ணி சொன்னது சரிதான் என்பதைவிட, அதைச் சொன்னது அண்ணி என்பதுதான் அதிகம் எரிந்தது.

அடுத்த முறை வாயையே திறக்கக் கூடாது என்று போனாள். அது இன்னும் மோசம். அவள் பேசாமல் நின்றதும், "என்ன, ஏதாவது தப்பா தெரியுதா?" என்று அண்ணன் பயந்தார். பதினாறு வருஷத்தில் எதிரில் இருக்கிறவரிடம் நாலு கட்டளை போடத்தான் பழகியிருந்தாள். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

போர்டு எழுதுகிறவர் கொடுத்த கெடு முடிந்தது. படம் இல்லாமல் பெயரும் போன் நம்பருமாகப் போர்டு ஏறியது. அண்ணன் அவளைத் திட்டாமல், போர்டைத் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போர்டுக்கு இல்லையென்றாலும் ஒரு படமாவது உருப்படியாக எடுத்தே தீருவதென்று செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். அண்ணன் வேலை பார்க்கப் போன வீட்டுக்கே கேமராவும் புதிதாக வாங்கிய அந்த ஒரு லென்ஸுமாகப் போனாள். குளியலறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வாஷ்பேசினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, சுழலாத ஒரு நட்டைத் திட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். ஒரு மணி நேரம் முழங்கையும் முதுகும்தான் கிடைத்தது. லென்ஸை வீண் என்று சொல்லிவிட முடியாது. அந்த அரையிருட்டில் பழைய லென்ஸாக இருந்தால் எல்லாமே கலங்கியிருக்கும்.

திடீரென்று நட்டு கழன்றது. தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஒரு கையால் குழாயை அடைத்துக்கொண்டு, மறு கையை அவளை நோக்கி நீட்டி அண்ணன் கத்தினார்: "அந்த ரெஞ்ச எடுடி!"

அவள் முதலில் படத்தை எடுத்தாள். பிறகுதான் ரெஞ்சை எடுத்தாள். அதற்குள் அண்ணன் தலையிலிருந்து கால்வரை தொப்பலாகியிருந்தார். 

மாலையில் அண்ணன் வீட்டில் படத்தைப் பார்த்தபோது அவர், "கடிக்க வர்றவன் மாதிரி இருக்கேன். இதப் பாத்துட்டு எவன் என்ன வேலைக்குக் கூப்பிடுவான்?" என்றார்.

"இதுதான் நீங்க. குளிக்கப் போயிட்டுத் துண்டு கேக்கும்போது தினமும் நான் பாக்குற மூஞ்சி" என்று சொல்லி, தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள் அண்ணி.

எக்ஸ்ரேக்காவுக்கு மனசு ஆறவில்லை. படத்தில் ஃபோகஸ் அண்ணன் கண்ணில் இல்லை, நீட்டிய மணிக்கட்டில் இருந்தது. வேறு யாருக்கும் அது தெரியவே இல்லை. அடுத்த செவ்வாயும் லீவு போட்டுப் போனாள். தொண்ணூறு படம் எடுத்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை. சாமானைப் பையில் போட்டுக்கொண்டே எரிச்சலோடு கேட்டாள்:

"அடுத்த வாரம் எங்க வேலை?"

"மொட்டை மாடியில, தண்ணி டேங்க் மாத்தணும்."

"எத்தன மணிக்கு வெயில் வரும் அங்க?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் அண்ணன்.