பதினாறாவது கேள்வி

...இல்லை, வேண்டுமென்று யாரும் இதைக் கேட்டிருக்க முடியாது, வினாத்தாள் எடுத்தவர் எந்த ஊர்க்காரரோ, அவருக்குக் கலைச்செல்வியைத் தெரியாது, ஜெசியையும் தெரியாது. பதினாறாவது கேள்வி, பத்து மதிப்பெண், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தொழில்மயமாக்கம் தொழிலாளர் வாழ்வில் உண்டாக்கிய விளைவுகளை விவரி... வருடா வருடம் வருகிற கேள்விதான், வகுப்பில் பாடம் நடத்தியபோது ஜெசியேதான் அதை அடிக்கோடு போட்டுக்கொள்ளச் சொன்னாள், பிறகு ஏன் வினாத்தாள் கட்டைப் பிரித்து வாசித்ததிலிருந்து கண் ஜன்னல் பக்கமே போய்க்கொண்டிருந்தது? ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் கலைச்செல்வி இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது, கட்டுப்போட்ட கை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி மட்டமாக முடிந்திருந்தது. பார்க்காதே ஜெசி, மூன்று மணி நேரம் இந்த அறையைச் சுற்றி வருவதுதான் உன் வேலை, யாரும் காப்பி அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் சுற்றி வந்தால் அந்தப் பெஞ்சைத் தாண்டாமல் எப்படி வருவது?

தான் சொல்லச் சொல்ல எழுதித்தர ஒரு ஆள் கேட்டிருந்தாள் பாவம். தேர்வுக்குப் பொறுப்பான அருமைநாயகம் சார், ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தாத் தரலாம்மா, சீட்டு இல்லாம நான் என்ன செய்ய, என்று கையை விரித்துவிட்டார். சீட்டெல்லாம் கம்பெனியில் இருக்கிறது. விசாரணை முடியட்டும் என்கிறார்கள். கம்பெனி... காருக்கு வயர் செய்கிற கம்பெனி, நாற்கரச் சாலையோரம் நீல நிறக் கூரை போட்டு நிற்கிறதே, அந்தக் கம்பெனி. அவளை அங்கே அனுப்பியது யார்? வரலாற்றுத் துறையில் சேரவே பிள்ளைகள் வராமல் போன வருடம், இந்தத் துறை எதற்கு என்று கல்லூரி நிர்வாகம் யோசிக்க ஆரம்பித்த வருடம், படித்து முடித்ததும் வேலை என்று நோட்டீஸ் அடித்து, கம்பெனி மேனேஜர் பெருமாள்ராஜை வரவழைத்து, இதே அறையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசச் சொன்னது யார்? களக்காட்டுப் பக்கத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறுகிற பதினோரு பிள்ளைகளின் பேரையும் ஜெசிதான் எழுதிக்கொடுத்தாள். கலைச்செல்விக்கு ரெண்டு பேப்பர் அரியர் இருந்தது. வேலை பாத்துக்கிட்டே எழுதிருதேன் மிஸ், அம்மா எத்தன நாளுக்குத்தான் வாழைத்தார் சுமப்பாவ, என்றாள். அதைக் கேட்டு ஜெசிக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமைதான், இல்லையென்று சொல்ல முடியுமா?

"மிஸ், தாள்."

திடுக்கிட்டாள். பின்வரிசைப் பெண். கூடுதல் தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது, சித்திரை வெயில், உள்ளங்கையெல்லாம் வியர்வை. அன்றைக்கு உள்ளே அப்படிக் குளிர்ந்து கிடந்தது... மூன்று வாரத்துக்கு முன்னால், இறுதி வருடப் பிள்ளைகளுக்குக் கம்பெனியைக் காட்டக் கூட்டிப்போன அன்று. வரிசையாக மெஷின்கள், வரிசையாகப் பெண்கள், ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை, வயர் நுனியை வைப்பதும் மேலிருந்து இரும்பு வந்து அழுத்துவதும், வைப்பதும் அழுத்துவதும். ஒவ்வொரு மெஷினுக்கும் கண்ணாடி மூடி உண்டு, மூடியை இறக்கினால்தான் ஓடும் என்று பெருமாள்ராஜ் பிள்ளைகளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கலைச்செல்வியின் மெஷினில் மூடியைப் பச்சை வயரால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. ஜெசி பார்த்தாள். இவர் சொல்வது ஒன்று, இங்கே இருப்பது ஒன்றாக இருக்கிறதே என்று மனசுக்குள் ஓடியது, அதே நேரம் கலைச்செல்வி தலையைத் தூக்கினாள், அந்த ஹாலில் தலையைத் தூக்கிய ஒரே ஆள், "மிஸ்!" என்று சிரித்தாள், மேலிருந்து இரும்பு... வேண்டாம். அதற்கு மேல் வேண்டாம்.

முதல் மணி அடித்தது. இன்னும் ரெண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றாளே தனலட்சுமி, கலைச்செல்வியின் அம்மா, உள்ள வாங்கக்கா என்றால் வரவேயில்லை, வெயிலில் நின்றபடியே சொன்னாள். "டீச்சரம்மா, ஒங்களத் தப்புச் சொல்ல வரல. வர்ற புதங்கெழம பதினோரு மணிக்குக் கம்பெனிக்குத் தொழிற்சால ஆய்வாளர் விசாரிக்க வாராராம். எம்மவ வேணும்னே மூடியக் கழட்டிட்டான்னு கம்பெனிக்காரங்க சொல்லுதாவ. நீங்க கண்ணால கண்டத மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்." பாக்கலாம்க்கா என்றாள் ஜெசி. பாக்கலாம்! என்ன பேச்சு அது, பார்த்ததைத்தானே சொல்லச் சொல்கிறாள். ஜோஷுவா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "ஒனக்கு எதுக்கு வம்பு? வருசா வருசம் கையெழுத்து வாங்கித்தான வேலையில வச்சிருக்காவ. நாளைக்கே வேண்டாம்னு சொல்லிட்டா அங்கன போயி நிக்க முடியுமா?" புருஷன் சொல்வது நியாயந்தான். இந்தப் பெஞ்சுகளின் முதுகில்கூடக் கம்பெனி பேர்தான், அன்பளிப்பு என்று. வேலை போய்விடும் என்ற பயந்தான் இது, வேறென்ன... வேறென்ன? மூடி கட்டியிருந்தது, பார்த்தேன், என்று சொன்னால் அத்தோடு விடுவார்களா? அந்தப் பெண் அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேட்பார்கள். என்னை, ஐயா. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

இன்றைக்குச் செவ்வாய். நாளைக்குத்தான் அந்தப் பதினோரு மணி.

நடந்துகொண்டே இருந்தாள், கால் தானாக மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. கலைச்செல்வி நிமிரவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தது, தாள் நகராமல் கட்டுப்போட்ட கையின் மணிக்கட்டால் அழுத்திப் பிடித்திருந்தாள். விடை பதினாறு. விவசாயத்தை விட்டு மக்கள் ஆலைகளுக்குப் போனார்கள்... பெண்களும் குழந்தைகளும் குறைந்த கூலிக்கு... நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம்... ஜெசி வகுப்பில் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு, சொல் மாறாமல் அப்படியே. எந்திரத்தில் அடிபட்டவர் நீதிமன்றம் போனாலும், அவருடைய கவனக்குறைவு சிறிதளவு இருந்ததாகக் காட்டினால் ஈட்டுத்தொகை மறுக்கப்பட்டது. ஜெசி அந்த வரியை மறுபடி வாசித்தாள். எனக்காக எழுதியிருக்கிறாளா? நான் வருவேன், நின்று வாசிப்பேன் என்று தெரிந்தா? முகத்தைப் பார்த்தாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தாள் கலைச்செல்வி. குத்திக்காட்டுகிற முகமாக இல்லை. பாஸாக வேண்டும், அதற்காக எழுதுகிறாள். குத்திக்காட்டியிருந்தாலாவது தேவலை போலிருந்தது ஜெசிக்கு.

கடைசி மணி அடித்தது. எல்லாரிடமும் தாள் வாங்கினாள், பைய நடந்தாள், நூல் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று தேவையில்லாமல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தாள், மூன்றாவது பெஞ்சைக் கடைசிக்கு வைத்தாள். அவளால் கொடுக்க முடிந்தது அந்த நாலு நிமிஷந்தான். அறை காலியானது. கலைச்செல்வி நூலை ஒரு கையால் முடியப் பார்த்து முடியாமல் பல்லால் இழுத்தாள், ஜெசி வாங்கி முடிச்சுப் போட்டாள். இப்போது கேட்பாள், நாளைக்கு வருவீங்களா மிஸ் என்று கேட்பாள், என்ன சொல்ல, வீட்டில் கேட்க வேண்டும் என்றா, அருமைநாயகம் சாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றா...

"ரெண்டு கேள்வி விட்டுட்டேன் மிஸ். பாஸாயிருவேனா?"

"ஆயிருவட்டி. கை வலிக்கா?"

"இந்தக் கைதான் வலிக்கு, எழுதுன கை." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள், குரல் இறங்கியது. "மிஸ், அம்மா ஒங்க வீட்டுக்கு வந்தாவளாமே. எனக்குத் தெரியாது மிஸ், தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். நீங்க பயப்படாதீங்க. நேத்து அந்த மேனேஜர் சார் வந்து எழுதிக் கேட்டாரு. நான் வேற எங்கனயோ பாத்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். யாரப் பாத்தேன்னு எழுதல. ஒங்க பேரு எதுலயும் வராது."

"அப்ப... மூடி?"

"அது பத்தி ஒண்ணும் எழுதல மிஸ்." பையைத் தோளில் மாட்டத் திணறினாள், மாட்டிக்கொண்டாள். "களக்காட்டு பஸ் போயிரும். வாரேன் மிஸ்."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, கூப்பிட்டால் கேட்கும் தூரந்தான், ஏட்டி கலைச்செல்வி நில்லு, அதில் கையெழுத்துப் போட்டது செல்லாதுட்டி, நான் வந்து சொல்லுதேன் என்று ஒரு வார்த்தை... விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்தபடி ஜெசி நின்றாள். காலையிலிருந்து, இல்லை, மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியிருந்தது, மூச்சு நன்றாக வந்தது, உள்ளங்கைகூடக் காய்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை பேசி முடிப்பதற்கு முன்னாலேயே, ஒங்க பேரு வராது என்ற அந்த இடத்திலேயே, அப்பாடா என்று தான் நினைத்தது அவளுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.