சிக்ஸ்டன் வீட்டுத் தடம்

“என் பூட்ஸையே போட்டுக்கிட்டு நட. அப்பத்தான் நான் நடந்த மாதிரி இருக்கும்.”

“உன் பூட்ஸ் நாற்பத்தஞ்சு, என் கால் முப்பத்தெட்டு. ரெண்டு காலையும் ஒரே பூட்ஸ்ல விட்டாலும் இடம் மிச்சமிருக்கும்.”

“அப்போ ஒண்ணை மட்டும் போட்டு நொண்டியடிச்சுப் போ. சிக்ஸ்டனுக்குக் கால்ல அடி போலன்னு திருடன் பாவம் பார்த்துத் திரும்பிடுவான்.”

“எப்ப வருவே?”

“ஏப்ரல்ல. மீன் ஓய்ஞ்சதும்.”

நான்கு வருஷத்துக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் பேசியது. மைக்கெனுக்கு ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. அன்று அவள் சொல்ல நினைத்தது வேறு. ‘போகாதே’ என்ற ஒரே சொல். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் சிக்ஸ்டன் தன் வீட்டுச் சாவியை அவள் கையுறைக்குள் திணித்துவிட்டான், பஸ்ஸும் வந்துவிட்டது. அப்புறம் நான்கு ஜனவரிகள் அதே நிறுத்தத்தில், அதே பஸ்ஸுக்கு அவனை வழியனுப்பியாயிற்று. சொல் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

கிரான்வல்லன் சின்ன ஊர், பதினாறே வீடுகள். ஜனவரி பிறந்தால் ஐந்து பூட்டிக்கொள்ளும். ஒரு தம்பதி ஸ்பெயின் வெயிலுக்குப் போவார்கள், மூன்று வீட்டுக்காரர்கள் நகரத்தில் பிள்ளைகளிடம் போவார்கள். சிக்ஸ்டன் எல்லை தாண்டி நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குக் காட் மீன் பிடிக்கப் போவான். கோடையெல்லாம் தச்சு வேலை, குளிரில் கடல்.

ஆளில்லாத வீட்டைக் கோடையில் மறைத்துவிடலாம். பனிக்காலத்தில் முடியாது. யாரும் மிதிக்காத முற்றம், ‘இங்கே ஒருத்தரும் இல்லை’ என்று ஊருக்கே தண்டோரா போடும். மரலாரி ஓட்டி ஓய்வு பெற்ற எவர்ட், “திருடன் காலையில படிக்கிற முதல் பேப்பர் பனிதான்” என்பார். ஊர்க்காவலுக்கு அவர்தான் தலைவர். அவர் பிரித்துக் கொடுத்தபடி ஒவ்வொரு பூட்டிய வீட்டுக்கும் ஓர் ஆள். பனி பெய்து ஓய்ந்ததும் போய் வழியை வாரிவிட வேண்டும். வாசல் வரை நடந்து போன தடமும் திரும்பி வந்த தடமும் இருக்க வேண்டும். விறகுக் கொட்டகைக்கு ஒரு தடம். ஒரு மணி நேரமாவது புகைபோக்கியில் புகை. தபால் பெட்டி நிரம்பக் கூடாது. குப்பை லாரி வரும் நாளில் அந்த வீட்டுத் தொட்டியிலும் நாலு பை கிடக்க வேண்டும்.

இதற்கு யாரும் கூலி கேட்டதில்லை, யாரும் முறை தவறியதும் இல்லை. மைனஸ் இருபத்தெட்டில் எழுபது வயது குன்போர்க், எவர்ட்டின் மனைவி, தன் வீட்டுக் குப்பையைச் சறுக்குவண்டியில் வைத்து உதைத்துத் தள்ளிக்கொண்டு ஸ்பெயின்காரர்கள் வீட்டுக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஊரில் பிழைக்க வந்தது தன் அதிர்ஷ்டம் என்று மைக்கென் நினைத்துக்கொள்வாள். விவாகரத்து வாங்கிக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு வந்து இந்த ஊர்க் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தவள். இப்போது வயது நாற்பத்தொன்பது.

சிக்ஸ்டன் வீடு அவள் பொறுப்பு. கடையை இரண்டு மணிக்குச் சாத்திவிட்டு, மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறை மேல் அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். குளிர் ஏற ஏற, அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நாள் விடிவது போலாகிவிட்டது. அவன் வீட்டில் அவனைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டாள். ஆணிகளை அளவுவாரியாகப் போட்டுவைக்கிறவன். பழைய நாற்காலிக்கு ஒரு கால் உடைந்தால் மற்ற மூன்றுக்கும் பொருந்துகிற மரம் தேடிக் கடைகிறவன். அடுப்பருகே அவளுக்கென்று தனியாக ஓர் அடுக்கு விறகு வைத்துவிட்டுப் போவான். மற்ற விறகைவிடக் கால்வாசி குட்டை, மெலிசு. மேலே ஒரு துண்டுத் தாளில், ‘உன் கைக்கு’ என்று மட்டும் எழுதியிருப்பான். இப்படி விறகு வெட்டத் தெரிந்தவனுக்கு வாய் திறந்து பேசத் தெரியாதா என்று அவளுக்குக் கோபம் வரும். தனக்கு மட்டும் தெரிந்ததா என்று அடுத்த நிமிஷமே சிரிப்பும் வரும்.

இந்த வருஷம் ஜனவரிக் கடைசியில் அவன் தபால் பெட்டியில் ஒரு தடித்த உறை வந்தது. மூலையில் வீடு விற்றுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தின் பெயர். அவள் பிரிக்கவில்லை. சமையல் மேசைமேல் வைத்தாள். அன்று அடுப்பு மூட்டக்கூட மறந்து திரும்பிவிட்டாள்.

“என்னடி, சிக்ஸ்டன் வீட்ல நேத்துப் புகையைக் காணோம்?” குன்போர்க் மறுநாள் கடைக்கு வந்ததும் கேட்டாள்.

“தீப்பெட்டி நமுத்துப்போச்சு.”

“தீப்பெட்டியா நமுத்துச்சு?” குன்போர்க் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வெண்ணெயை எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் பக்கத்து ஊரில் இரண்டு வீடுகளை உடைத்தார்கள். மர அறுவை இயந்திரம், படகு மோட்டார், கல்யாண வெள்ளிக் கரண்டிகள் எல்லாம் போயின. ஒரு வெள்ளை வேன் சுற்றியதாகப் பேச்சு. கிரான்வல்லன் அன்றைக்கே சுதாரித்தது. இரண்டு கார் வைத்திருந்தவர்கள் ஒன்றைப் பூட்டிய வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். எந்த வண்டி ஏரிப் பாலம் தாண்டினாலும் அடுத்த வீட்டுக்குப் போன் போனது.

அந்த வெள்ளிக்கிழமை விடியும் வரை பனி கொட்டியிருந்தது. மைக்கென் மூன்று மணிக்கு சிக்ஸ்டன் வீட்டுக்குப் போனாள். வேலிக் கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

சாலையிலிருந்து வாசல் வரை ஒரு தடம். பெரிய காலடி, அகல அகலமான எட்டு. உள்ளே போயிருந்தது. திரும்பி வரவில்லை.

சத்தமில்லாமல் பின்வாங்கி, சாலை வளைவுக்கு வந்து எவர்ட்டைக் கூப்பிட்டாள். அவருக்கு அடுத்து யார், அவருக்கு அடுத்து யார் என்று எல்லாருக்கும் மனப்பாடம். பத்து நிமிஷத்தில் பதினோரு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் டிராக்டரைக் குறுக்கே போட்டுச் சாலையை அடைத்தார். குன்போர்க் போலீசுக்குப் பேசிவிட்டு வந்தாள். கையில் காபி ஃபிளாஸ்க்.

“தொண்ணூறு கிலோமீட்டர்ல இருக்காங்களாம், உள்ள போகாதீங்கன்னாங்க. போகலை, நின்னு காபி குடிப்போம்.”

எவர்ட் முழங்காலிட்டுத் தடத்தைப் பார்த்தார். “சிக்ஸ்டன் பூட்ஸ் இல்ல இது. அடிப்பாகத்துல கோடு வேற மாதிரி இருக்கு. எட்டைப் பாரு. நம்ம சிக்ஸ்டன் இவ்வளவு அகலமா வைக்கமாட்டான். அவன் நடை குட்டை நடை, கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பான்.”

“ஆமா, வாத்து மாதிரி” என்றார் டிராக்டர்காரர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். மைக்கெனும் ஆட்டினாள்.

யாரும் தடி எடுத்துவரவில்லை. பனி வாரும் மண்வெட்டிகள் இருந்தன, அதுவும் ஊன்றிக்கொண்டு நிற்கத்தான். காவலில் எவர்ட்டின் சட்டம் ஒன்றுதான்: யாரையும் தொடாதே, நிறையப் பேராகக் கண்ணில் படு. வேலி ஓரமாக வரிசைகட்டி நின்றார்கள். டிராக்டர் விளக்கு சன்னல்களில் அடித்தது. நடுங்கிக்கொண்டுதான் நின்றார்கள், குளிரில் பாதி, பயத்தில் பாதி. ஆனால் ஒருவர்கூட இன்னொருவருக்குப் பின்னால் ஒதுங்கவில்லை. இதில் ஏழு பேருக்கு அறுபது தாண்டியிருந்தது. இவர்களோடு நிற்கும்போது தன் முதுகும் நிமிர்வதை மைக்கென் உணர்ந்தாள்.

எவர்ட் தொண்டையைச் செருமினார். “உள்ள இருக்கிற ஐயா, நாங்க பதினோரு பேர் இருக்கோம். மரியாதையா வெளிய வந்துடுங்க. காபி இருக்கு.”

“திருடனுக்கு என் காபியா?” குன்போர்க் முணுமுணுத்தாள்.

உள்ளே ஏதோ உருண்டது. விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலைமுடி வைக்கோல்போர் மாதிரி எழும்பி நிற்க, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியபடி சிக்ஸ்டன் நின்றான்.



“யார் செத்துட்டா?” என்றான் சிக்ஸ்டன்.

“நீதானாடா திருடன்?”

“என் வீட்டுக்கு நான் எப்படி எவர்ட் திருடனாவேன்? ராத்திரி முழுக்க ரயில், காலையில பஸ். வந்ததும் படுத்துட்டேன்.”

“தடம் உன்னுது இல்லையேப்பா. நீ குட்டையா…” எவர்ட் பாதியில் நிறுத்தினார். பார்வை மெதுவாகத் திரும்பி மைக்கென் காலில் இருந்த நாற்பத்தைந்தாம் அளவு பூட்ஸில் போய் நின்றது. எல்லார் பார்வையும் அங்கே போனது.

முதலில் சிரித்தது குன்போர்க். அப்புறம் வேலி முழுக்கச் சிரிப்பு. “அஞ்சு குளிர்காலமா இவ நடந்து நடந்து, இவ நடைதான் உன் நடைன்னு ஆயிடுச்சு. சொந்தக்காரன் கால் வந்து திருடன் காலாப் போச்சு” என்றாள் அவள்.

“வாத்துன்னு சொன்னது யாரு?” என்றாள் மைக்கென். டிராக்டர்காரர் திடீரென்று டிராக்டரைக் கவனிக்கப் போனார்.

போலீசை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. பதினோரு பேரும் பூட்ஸைக் கழற்றி வாசல் நடையில் குவித்துவிட்டு உள்ளே வந்தார்கள். மைக்கென் அடுப்பை மூட்டினாள். அந்த வீட்டில் அவளுக்கு எது எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கோப்பைகளை எடுத்தாள், அலமாரி மேல்தட்டிலிருந்து ரஸ்க் டப்பாவை இறக்கினாள். மேசைமேல் அந்த உறை பிரிந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்ததை சிக்ஸ்டன் பார்த்தான்.

“இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கே. மீன் இல்லையா?” எவர்ட் கேட்டார்.

“மீன் இருக்கு.” சிக்ஸ்டன் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். “படகு முதலாளி வருஷம் முழுக்க வேலை தரேங்கிறார். தங்க இடமும் தரார். நாளைக்கு வீட்டை விலைக்குப் பார்க்க ஒரு ஜோடி வராங்க. சொல்லிக்க வாய் வரலை, அதான் சத்தமில்லாம வந்தேன்.”

குன்போர்க் கையிலிருந்த ரஸ்க்கைக் கீழே வைத்தாள்.

“இங்க உனக்கு என்னப்பா குறை?” என்று கேட்டாள்.

“குறை ஒண்ணுமில்ல. ஆனா இருன்னும் யாரும் சொன்னதில்ல. அங்கே ஒருத்தர் இருன்னு சொல்றார்.”

அவன் யாரையும் பார்க்காமல்தான் சொன்னான். தன்னிடம்தான் பதில் கேட்கிறான் என்று மைக்கெனுக்குப் புரிந்ததும் அதனால்தான். ஐந்து குளிர்காலமாக அவள் பயந்தது, ‘இரு’ என்று கேட்டு அவன் மாட்டேனென்றால் அப்புறம் எந்த முகத்தோடு இந்த வீட்டுக்குள் வருவது என்று. சீக்கிரமே இந்த வீட்டில் வேறு யாரோ அடுப்பு மூட்டப்போகிறார்கள். இனி காப்பாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

“சரி, கிளம்புவோம். பையன் தூங்கட்டும்” என்று எவர்ட் எழுந்தார். அந்த ஒடுங்கிய வாசல் நடையில் மற்றவர்கள் எல்லாரும் குனிந்து, இடித்துக்கொண்டு, அவரவர் பூட்ஸைத் தேடத் தொடங்கினார்கள். தனியாகும் வரை காத்திருக்கலாம் என்று மைக்கென் ஒரு கணம் நினைத்தாள். காத்திருந்து என்ன ஆயிற்று என்பது அவளுக்குத் தெரியும். காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“சிக்ஸ்டன்.”

குனிந்த தலைகள் குனிந்தபடியே நின்றன. ஒருவர் கூட நாடாவைக் கட்டி முடிக்கவில்லை.

“வீட்டை விக்காதே. அங்கே போகவும் வேண்டாம்” என்றாள் மைக்கென். “என்கூட இரு.”